ஐந்தாம் குறிப்பு

என் கணவர் கண்ணில் பட்ட எதையும் படிக்காமல் விடமாட்டார். பால் பாக்கெட், மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், பக்கத்து வீட்டுக் கதவில் தொங்கும் நாய் ஜாக்கிரதைப் பலகை என்று எல்லாவற்றையும் நின்று படிப்பார். ஒரு பிழையாவது அகப்பட்டால்தான் அவருக்கு அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது அவருடைய வேலை. பதினேழு வருடமாக அதைத்தான் செய்கிறார். கல்யாணம் நிச்சயமான பிறகு நான் அவருக்கு எழுதிய ஒரே கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தவர். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு அப்போது அது அழகாகத் தெரிந்தது. மனதுக்குள் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் காற்புள்ளி. நேரில் கூப்பிடுவது வழக்கமான 'என்னங்க'தான்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் விளக்குக் கம்பத்தைப் பார்த்துப் போனாலும், சைக்கிள்காரரைப் பார்த்துப் போனாலும், கடைசி நிமிடத்தில் மிதிக்க வேண்டியவள் நான். வீட்டிலும் அப்படித்தான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பிரேக் எப்போதும் என் பக்கம்தான் இருந்தது.

மூத்தவள் பிறந்த பிறகு மாத்திரை சாப்பிட்டேன். முகம் வீங்கி, வாந்தி எடுத்து, காரணமே இல்லாமல் அழுதேன். இளையவள் பிறந்த பிறகு காப்பர்-டி போட்டுக்கொண்டேன். மாதத்தில் பதினைந்து நாள் உதிரப்போக்கு. அப்புறம் ஊசி, அதற்குத் தலைவலி. நடுநடுவே ஆணுறையும் வாங்கி வைத்தோம். அவர் விளக்கைப் போட்டு அதன் அட்டையில் இருக்கும் உபயோகிக்கும் முறையைப் படித்து, "நாலு வரியில மூணு தப்பு பாரேன்" என்று காட்டி முடிப்பதற்குள் நான் தூங்கிப்போவேன். அதுவும் ஒரு கருத்தடை முறைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மருத்துவமனை டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உங்க உடம்பு போதும்னு சொல்லுதும்மா. இனிமே அவர் பார்த்துக்கட்டும். ஆம்பளைங்களுக்கு இருபது நிமிஷ வேலை. தையல்கூட ஒண்ணு ரெண்டுதான்."

இருபது நிமிட வேலைக்கு அவர் எட்டு மாதம் யோசித்தார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். அவருடைய அக்காவுக்கு விஷயம் தெரியக்கூடாது. ஆனால் ஆபரேஷன் அறைக்குள் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால், பயத்தில் அவரே அக்காவுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்து கட்டிலில் சாய்ந்திருந்தவரிடம் நர்ஸ் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் நிதானமா படிங்க சார். முக்கியமா அஞ்சாவது குறிப்பு..."

அவர் அதைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை வலியில் சுருங்கிக் கிடந்த மனிதர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"சிஸ்டர், இது எங்க பிரஸ்ல அடிச்சது. நான்தான் புரூஃப் பார்த்தேன். பத்து தடவை படிச்சிருக்கேன். எங்கிட்டயே குடுக்கறீங்களே!"

"அப்படியா சார்? அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேணாம்" என்று நர்ஸ் சந்தோஷமாக அடுத்த கட்டிலுக்குப் போனார். பாவம், அவர் வேலையை மிச்சப்படுத்தும் நோயாளிகள் தினமுமா வருகிறார்கள்? என் கணவர் பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் அந்தச் சட்டையோடு அதையும் நான் துவைத்துப் போட்டேன். கூழாகிப் போனதைப் பார்த்தபோது, போகட்டும், அவருக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே என்று நினைத்தேன். தினமும் பத்துப் பேரிடம் பலகையைப் படி, பலகையைப் படி என்று கத்துகிறவள் நான். என்மேலும் தப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாளே நாத்தனார் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கிவிட்டது.

"சிங்கம் மாதிரி இருந்தவனை இப்படிப் படுக்க வச்சிட்டீங்களே!"

"அண்ணி, அது இருபது நிமிஷ வேலை. நாளைக்கே ஆபீஸ் போகலாம்னு டாக்டர் சொன்னாங்க."

"டாக்டருக்கு என்ன தெரியும்? அவங்க வீட்டு ஆம்பளையையா வெட்டினாங்க?"

சிங்கம் ஒன்பது நாள் படுத்திருந்தது. பக்கத்தில் பாலும் முட்டையும் பழமும் வரிசையாக இருந்தன. நான் இரண்டு பிரசவத்திலும் நாலாம் நாள் எழுந்து துணி துவைத்தவள். அதைச் சொன்னதற்கு, "நீ பொம்பளை, தாங்குவே" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார் நாத்தனார். பத்தாம் நாள் தம்பி எழுந்து நடமாடியதைப் பார்த்த பிறகுதான் ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படி இருந்ததில்லை. நாள் எண்ண வேண்டாம், மாத்திரையைத் தேட வேண்டாம், காலைப் பிரேக்மேலேயே வைத்துக்கொண்டு படுக்க வேண்டாம். பயமில்லாமல் ஒரு மனிதரைத் தொடுவது எப்படி இருக்கும் என்று எனக்கு முப்பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது. அவரும் மாறிப்போயிருந்தார். ஒருநாள் நான் எழுதி வைத்துவிட்டுப் போன மளிகைப் பட்டியலில் இருந்த பிழையைத் திருத்தாமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோனார். அதைவிடப் பெரிய காதலை அவரிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது.

அந்த மாதம் எனக்கு நாள் தள்ளியது. வயசாகிவிட்டது, நிற்கப்போகிறது போல என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு காலையில் கார் சீட்டின் வாசனை வயிற்றைப் புரட்டியது. வண்டியை ஓரம்கட்டச் சொல்லிவிட்டு இறங்கி வாந்தி எடுத்தேன். அந்த வாந்தி எனக்கு ஏற்கெனவே இரண்டு தடவை பழக்கமானது. வரும் வழியில் பரிசோதனைக் குச்சி வாங்கி வந்து பார்த்தேன். இரண்டு கோடு.

சத்தியமாக எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஓடிப்போய் அவரிடம் நீட்டினேன்.

"என்னங்க, உங்க ஆபரேஷன் ஊத்திக்கிச்சு! நாளைக்கே போய் அந்த டாக்டரம்மாவை ஒரு பிடி பிடிக்கணும்."

அவர் ஏதோ பாடப்புத்தகத்தின் புரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தார். குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பென்சிலை மேசைமேல் நேராக வைத்தார்.

"ஆபரேஷன்ல தப்பு இருக்காது. வெட்டி எடுத்த துண்டை டாக்டரே எங்கிட்ட காட்டினாங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அப்போது உறைக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டில் பேசவில்லை, களைப்பு என்று நினைத்தேன். மறுநாள் பேசவில்லை, அதிர்ச்சி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் என் பயிற்சி நோட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

யார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வண்டி ஓட்டினார் என்று நான் எழுதி வைக்கும் நோட்டு அது. அதில் ஒரே ஒருவருடைய பெயருக்குக் கீழே மட்டும், வந்த இடத்திலெல்லாம், மெல்லிய பென்சில் கோடு. ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. பதினொரு கோடு, பதினொரு கேள்விக்குறி. அந்தப் பென்சில் யாருடையது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் கண் பரிசோதனை செய்துவிட்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். லைசென்ஸ் தேர்வில் நாலு தடவை தோற்றவர். கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கே அவருக்கு நேரம் போதாது.

நோட்டைக் கொண்டுபோய் என் கணவர் முன்னால் போட்டேன்.

"இது என்ன?"

"சும்மாதான். ஒரே பேரு திரும்பத் திரும்ப வந்துச்சு. கண்ணுல பட்டுச்சு."

"நாலு தடவை ஃபெயில் ஆனவர் திரும்பத் திரும்பத்தான் வருவாரு!"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

உண்மைதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாய் திறந்து கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், தட்டை உடைத்திருப்பேன், அழுதிருப்பேன், ஒருநாளில் முடிந்திருக்கும். ஓரத்தில் குறி மட்டும் போட்டு வைத்துவிட்டு, திருத்த வேண்டியது என் பொறுப்பு என்பது போல உட்கார்ந்திருந்தார். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபத்தைவிட அதிகமாக அவமானமாக இருந்தது. பதினான்கு வருடம் கூட வாழ்ந்ததில் என்னைப் பற்றி இவர் என்னதான் படித்தார் என்று நினைத்து நினைத்துக் குமைந்தேன்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் மறுபடியும் வந்துவிட்டார். இந்தத் தடவை மூன்று பெட்டி. யார் ஃபோன் செய்தது என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை மருத்துவமனைக்குப் போக நானே வண்டியை எடுத்தேன். அவர் முன்சீட்டில் ஏறினார். கூப்பிடாமலே நாத்தனார் பின்சீட்டில் ஏறினார். வழியில் என் கணவர் ஒரு கடைப் பலகையைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்.

டாக்டரம்மா முதலில் எனக்கு ஸ்கேன் எடுத்தார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கரு உண்டானது ஆபரேஷனுக்குப் பிறகு நாலாவது வாரத்தில் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

"மூணு மாசம் வேற பாதுகாப்பு ஏதாவது உபயோகிச்சீங்களா சார்?"

"அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே?"

டாக்டரம்மா மேசை இழுப்பறையைத் திறந்து அதே பிரசுரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து, ஐந்தாம் குறிப்பைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "சத்தமா படிங்க."

அவர் படித்தார். அறுவை சிகிச்சை முடிந்தவுடனே இம்முறை பலன் தராது. வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே தங்கியிருக்கும் உயிரணுக்கள் வெளியேற மூன்று மாதம் வரை ஆகலாம். அதுவரை வேறு கருத்தடை முறையைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று உறுதியான பிறகே...

அங்கே நிறுத்தினார். முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்தது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது.

"விந்துப் பரிசோதனை, இந்த 'ப்' நான் போட்டது டாக்டர்" என்றார். "நீங்க அனுப்பினதுல விட்டுப்போயிருந்துச்சு."

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார்.

"ப் போட்டீங்க சார், ரொம்ப சந்தோஷம். பரிசோதனைக்கு வந்தீங்களா?"

அப்போதுதான் அந்த வாக்கியம் அவருக்குள் இறங்கியது. பத்து தடவை அவர் கண் ஊர்ந்துபோன வரி. ஒவ்வொரு எழுத்தையும் தட்டிப் பார்த்து அனுப்பியவருக்கு, அது என்ன சொல்கிறது என்று பதினோராம் தடவைதான் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உள்ளே ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. இதோ இப்போது திரும்புவார், என் கையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன்.

பின்னால் நின்ற நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஆகலாம்னுதானே போட்டிருக்கு? ஆகும்னு போடலையே?"

அவர் நிமிர்ந்தார். "ஆமா டாக்டர். இப்ப பரிசோதனை பண்ணிப் பார்த்துடலாமா? இருந்தா தெரிஞ்சிடுமே."

"பண்ணலாம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்குங்க. ஆபரேஷன் முடிஞ்சு பன்னெண்டு வாரம் ஓடிப்போச்சு. இப்ப இருந்தா, அப்பவும் இருந்துச்சுன்னு சொல்லலாம். இப்ப இல்லேன்னா, அப்ப இல்லேன்னு சொல்ல முடியாது."

"புரியுது டாக்டர்" என்றார். பிரசுரத்தைப் புரிந்துகொண்ட அதே முகத்தோடு.

டப்பாவோடு உள்ளே போனவர் அரை மணி கழித்து வெளியே வந்தார். அந்த அறைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் இரண்டு பிழை இருக்கிறதாம். யாரிடம் சொல்லித் திருத்துவது என்று அங்கே போன நர்ஸிடம் விசாரித்தார்.

முடிவு வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். நான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தேன். இத்தனை வருடமாக எது என்னை வந்து சேரக்கூடாது என்று மாத்திரை தின்றேனோ, கம்பி போட்டுக்கொண்டேனோ, ஊசிக்குக் கையை நீட்டினேனோ, அதில் ஒன்றே ஒன்றாவது உயிரோடு நீந்திக்கொண்டிருக்க வேண்டும் என்று அங்கே உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். நொண்டியாக இருந்தாலும் பரவாயில்லை, வால் இல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. ஒன்று இருந்தால் போதும், என் மானம் பிழைத்துவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் குரலைத் தாழ்த்தினார். "பூஜ்யம்னு வந்துச்சுன்னா?"

"பூஜ்யம்னா ஆபரேஷன் நல்லா நடந்திருக்குன்னு அர்த்தம் அண்ணி."

"எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் வேற."

கொஞ்ச நேரத்தில் பரிசோதனைக்கூடத்துக்காரர் காகிதத்தோடு வந்தார். அவருக்கு எங்கள் கதை ஒன்றும் தெரியாது. தினமும் இந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்கும் ஆண்களுக்குச் சொல்வதைப் போலவே, என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் சார்! சுத்தம்! ஒண்ணுகூட இல்லை. இனிமே நீங்க கவலையே பட வேணாம்."

கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வயிற்றில் இருப்பதால் வந்ததா, அந்த வாழ்த்தால் வந்ததா என்று தெரியவில்லை. முகம் கழுவிக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனபோது மூவரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

டாக்டரம்மா பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். பன்னிரண்டு வாரத்தில் பூஜ்யம் வருவதுதான் இயல்பு. நாலாவது வாரத்தில் இருந்திருக்கும், அதிலும் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பிரசுரத்தைப் படிக்காமல் இப்படி வந்து நிற்கும் தம்பதிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"இதுக்கு மேலயும் உறுதி வேணும்னா, குழந்தை பிறந்தப்புறம் மரபணுப் பரிசோதனை எடுத்துக்கலாம். அதுல கேள்விக்கே இடமில்லை."

"எடுத்துடலாம் டாக்டர்" என்று சட்டென்று சொன்னேன். "இப்பவே எழுதிக்குங்க. செலவு நான் பார்த்துக்கறேன்."

"வேணாம்" என்றார் என் கணவர்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவு கம்பீரமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. பூஜ்யம் என்று எழுதிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என் தோளில் கையை வைத்தார்.

"பரிசோதனை எல்லாம் எதுக்கு? நானும் பிரசுரத்தைக் கவனிக்கலை, தப்பு என்மேலயும் இருக்கு. யாருதா இருந்தாலும் சரி, என் பேர்லயே வளரட்டும். நான் இதைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் தம்பி மனசு யாருக்கு வரும்!"

தோளில் இருந்த கை கனத்தது. என்மேல் சந்தேகப்பட்டு நோட்டில் கோடு போட்டபோதுகூட அவர் என் கணவராகத்தான் இருந்தார். எனக்குக் கோபம் வந்தது, சண்டை போட ஆள் இருந்தது. செய்யாத குற்றத்துக்கு என்னை மன்னித்து உட்கார்ந்திருக்கும் இந்தப் பெருந்தன்மைக்காரர் யார் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. இனிமேல் ஆயுள் முழுக்க இவர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். பேசாமல் இருப்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இது உங்க உடம்பு. வச்சுக்கறீங்களா, வேணாமா?"

தோளில் இருந்த கையை எடுத்து என் கணவரின் மடியிலேயே வைத்தேன்.

"குழந்தையை வச்சுக்கறேன் டாக்டர். இவரை வச்சுக்கறதா வேணாமான்னு யோசிச்சுச் சொல்றேன்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.